களஞ்சியமும் திறவுகோலும்

நூலொன்றை ஒருவர் தனித்து எழுதும்பொழுது அதன் கையெழுத்துப்படியைக் காப்பது பெருஞ்சுமையன்று. அது அவருடைய மேசையிலே இருக்கும். திருத்தம் வேண்டுமாயின் அவரே அடித்து எழுதுவார். ஆனால், பல நாடுகளில் வாழும் ஆயிரம் பேர், ஒருவர் முகத்தை மற்றொருவர் காணாமலே, ஒரே நூலை நாள்தோறும் திருத்தி எழுதுவாராயின் நிலைமை என்ன ஆகும்? மெய்யான படி எவரிடம் உள்ளது? காலையில் ஒருவர் சேர்த்த பகுதியை மாலையில் மற்றொருவர் அறியாது அழித்துவிட்டால் அதனை மீட்பது எங்ஙனம்? திருத்தியவர் நல்லெண்ணம் உடையவர்தாமா என்பதை அறிவது எவ்வாறு? கணனி யுகத்திலே இவை வெறுங் கற்பனை வினாக்களாக இருக்கவில்லை. உலகின் மிகப் பெரிய கூட்டு முயற்சிகளுள் ஒன்றை இவை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை முறியும் நிலைக்குக் கொண்டுவந்தன.

கணனிக்கு இடும் கட்டளைகளை மனிதர் படித்து விளங்கக்கூடிய வடிவில் எழுதி வைப்பது மூலநிரல் எனப்படும். வணிக நிறுவனங்கள் பலவும் தம் மூலநிரலை வெளியார் கண்ணிற் படாது பூட்டி வைப்பன. அதற்கு மாறாக, எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்ற உரிமையுடன் வெளியிடப்படுவது திறந்த மூல மென்பொருள். அம்மூலநிரலும், அது தொடக்கம் முதல் அடைந்த மாற்றங்களின் பதிவும் ஒருங்கே சேமிக்கப்படும் இடத்தைக் களஞ்சியம் என்பர். நெற்களஞ்சியத்தில் நெல் கலந்துவிட்டால், எந்த மணி எவருடைய வயலில் விளைந்தது என்று பின்னர் அறிய இயலாது. மூலநிரற் களஞ்சியமோ, ஒவ்வொரு மணியும் எவரால், எந்நாளில், எக்காரணம் பற்றி இடப்பட்டது என்பதையும் சொல்ல வல்லது. அவ்வாறு சொல்ல வல்லதாக அதனை அமைக்கும் வேலையில் நேர்ந்த இடர்களே லினக்ஸ் வரலாற்றின் சுவை மிகுந்த பகுதியாகும்.

லினக்ஸ் என்பது கணனியின் வன்பொருளுக்கும் ஏனைய மென்பொருள்களுக்கும் இடையே நின்று அனைத்தையும் ஆளும் ஒரு கரு. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் தமது இருபத்தோராம் வயதில் இதனைத் தொடங்கினார். 1991 ஓகஸ்ட் 25ஆந் திகதி அவர் தமது முயற்சியை இணையவழி அறிவித்தார். அடுத்த மாதம் வெளியான முதற் பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகளே இருந்தன. 1994 மார்ச்சில் 1.0 என்னும் பதிப்பு வெளிவந்தபோது வரிகள் 176,000 அளவிற்குப் பெருகியிருந்தன. இன்று அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள் அனைத்தினுள்ளும் இக்கருவே இயங்குகின்றது. உலகின் அதிவிரைவுக் கணனிகள் ஐந்நூறின் பட்டியலில் உள்ள அனைத்தும் 2017ஆம் ஆண்டு முதல் லினக்ஸையே கொண்டுள்ளன. ஆகவே, இக்களஞ்சியத்தின் ஒழுங்கு என்பது ஒரு சிலரின் பொழுதுபோக்குப் பற்றிய செய்தி மாத்திரமன்று.

முதற் பத்து ஆண்டுகள் ஒழுங்கு மிக எளியதாக இருந்தது. திருத்தம் செய்ய விரும்பியவர், எந்த வரியை நீக்கி எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்பதைக் காட்டும் சிறு கோப்பொன்றை மின்னஞ்சலில் அனுப்புவார். ஒட்டுத்துணி போன்ற அச்சிறு கோப்பை டோர்வால்ட்ஸ் படித்துப் பார்த்து, பிடித்தால் தம்முடைய படியில் சேர்ப்பார், பிடிக்காவிடில் விட்டுவிடுவார். சில நாட்களுக்கு ஒரு தடவை முழுப் படியையும் கட்டி வெளியிடுவார். மெய்யான படி எது என்ற வினாவிற்கு விடை ஒன்றே: அவர் வீட்டுக் கணனியில் இருப்பது.

அப்படியின் உள்ளமைப்பு மாத்திரம் காலத்திற்கு ஏற்ப மாறியது. தொடக்கத்தில் லினக்ஸ் இன்ரெல் நிறுவனத்தின் ஒருவகைச் செயலிக்கென்றே எழுதப்பட்டது. பின்னர் அல்பா, ஸ்பார்க் முதலான பிறவகைச் செயலிகளிலும் அதனை இயக்க வேண்டி வந்தது. ஆகவே செயலிக்குச் செயலி வேறுபடும் பகுதிகள் தனி அறையில் வைக்கப்பட்டன. கோப்பு முறைகள், வலையமைப்பு, நினைவக மேலாண்மை, சாதனங்களை இயக்கும் நிரல்கள் ஆகியன தத்தமக்குரிய அறைகளைப் பெற்றன. 1995 மார்ச்சில் வெளியான 1.2 பதிப்பு இவ்வமைப்பிலேயே அமைந்தது. இவ்வறைப் பிரிவினை வெறும் அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. ஒருவர் வலையமைப்பைத் திருத்தும்போது மற்றொருவர் கோப்பு முறையைத் திருத்தலாம். ஒருவர் கை மற்றொருவர் கையில் இடறாது. அறைக்கு ஒரு பொறுப்பாளர் தோன்றுவதற்கும் இதுவே வழிகோலியது.

மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவிகள் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைன்ட் என்பவர் இத்தகைய கருவிகளுள் முன்னோடியான ஒன்றை ஆக்கினார். 1986இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் குருன் தொடங்கிய சி.வி.எஸ். என்னும் கருவி, தொண்ணூறுகளில் திறந்த மூல உலகெங்கும் பரவிற்று. ஆயினும் டோர்வால்ட்ஸ் அதனை ஏற்க மறுத்தார். சி.வி.எஸ். முறையில் களஞ்சியம் ஒரே இடத்தில் இருக்கும். அதில் எழுதும் உரிமை சிலருக்கு உண்டு, ஏனையோருக்கு இல்லை. உரிமை பெற்றவர் உள்வீட்டார், பெறாதவர் வெளிவீட்டார் என்ற பிரிவினை உடனே தோன்றிவிடும். மேலும், ஒருவர் தனிக் கிளையொன்றில் செய்த வேலையை மூலக் கிளையோடு மீண்டும் இணைப்பது அதில் பெருந்துன்பமாய் இருந்தது.

ஆனால், ஒருவரே வாயிற்காப்போனாக நிற்கும் முறையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1998 செப்டெம்பரில் முதல் நெருக்கடி தோன்றியது. அனுப்பிய திருத்தங்கள் மறுமொழியின்றி மறைந்தன, அனுப்பியவர் மீண்டும் அனுப்பினார், மீண்டும் மறைந்தன. இதற்கிடையே வேறொரு சேவையகத்தில் இருந்த சி.வி.எஸ். படியொன்று, டோர்வால்ட்ஸின் படியிலிருந்து விலகி வளரலாயிற்று. ஏடு பெயர்த்து எழுதுவோர் அஞ்சும் பாடபேதம் இங்கேயும் தலைகாட்டியது. கடுஞ்சொற்கள் பரிமாறப்பட்டன, களைத்துப்போன டோர்வால்ட்ஸ் சிறிது காலம் ஒதுங்கி ஓய்வெடுத்தார். ஒரு மனிதரின் உழைப்பிற்கும் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதை அனைவரும் அப்போது கண்கூடாகக் கண்டனர்.

2002 சனவரியில் அதே குறை மீண்டும் எழுந்தது. சிறு திருத்தங்களைத் திரட்டி வழங்குவதற்கென்றே ஒருவரை நியமிக்க வேண்டும் என்று நிரலாளர் ஒருவர் முன்மொழிந்தார். அதற்கு டோர்வால்ட்ஸ் கூறிய மறுமொழி கருத்தூன்றி நோக்கத்தக்கது. தாம் நேரடியாக நம்பி வேலை வாங்குவோர் பத்து அல்லது இருபது பேரே என்றும், அவர்களும் அவ்வாறே தாம் நம்பும் சிலரைக் கொண்டிருப்பர் என்றும், மனித மூளை அதற்கு மேல் தாங்காது என்றும் அவர் விளக்கினார். அதாவது, அவர் வேண்டியது உத்தியோகத்தர் ஒருவரை அன்று. நம்பிக்கை என்னும் மரம் கிளைவிட்டு வளர்வதற்கு ஏற்ற நிலத்தையே. மனிதர் ஒழுங்கு ஏலவே அவ்வாறுதான் அமைந்திருந்தது. அதனைத் தாங்கும் கருவிதான் இல்லை.

அத்தகைய கருவியொன்றை அமெரிக்கரான லரி மெக்வோய் ஆக்கியிருந்தார். 1998ஆம் ஆண்டின் நெருக்கடியைக் கண்டு அவர் எண்ணிய தீர்வே பிட்கீப்பர் என்னும் கருவி. அதில் நடுவண் களஞ்சியம் என்று ஒன்று இருத்தல் கட்டாயமன்று. ஒவ்வொரு நிரலாளரும் முழுக் களஞ்சியத்தையும் அதன் வரலாற்றோடு தம்மிடம் வைத்திருப்பார். தம் வீட்டிலேயே வேலை செய்வார். முடிந்ததும் மேலுள்ளவர் அதனை எடுத்துத் தம்முடைய களஞ்சியத்துடன் இணைத்துக்கொள்வார். 2002 பெப்ரவரியில் டோர்வால்ட்ஸ் பிட்கீப்பரைப் பயன்படுத்தத் தொடங்கினார். அவர் ஏற்றுக்கொள்ளும் திருத்தங்களின் வேகம் வெகுவாகக் கூடியது.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பிட்கீப்பர் திறந்த மூல மென்பொருளன்று. மெக்வோயின் பிட்மூவர் கம்பனி அதனைத் திறந்த மூல நிரலாளர்க்கு விலையின்றி வழங்கிற்று. ஆயின் அதனைப் பயன்படுத்துவோர் அதற்குப் போட்டியான கருவியை ஆக்குதல் கூடாது என்று பின்னர் நிபந்தனை விதித்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தலைவரான ரிச்சட் ஸ்டோல்மன் இதனை வன்மையாகக் கண்டித்தார். விடுதலையை நோக்கமாகக் கொண்ட களஞ்சியத்தின் திறவுகோல் தனியார் கையில் இருப்பது தகாது என்பது அவர் வாதம். டோர்வால்ட்ஸோ, அன்றைய நிலையில் உள்ளவற்றுள் சிறந்த கருவி எதுவோ அதனையே தாம் பயன்படுத்துவதாகக் கூறினார். மெக்வோயின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அவருடைய கம்பனியின் பிழைப்பே அக்கருவியில் தங்கியிருந்தது. இவ்வாறு மூன்றாண்டுகள் சென்றன.

இடையே, 2003 நவம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி களஞ்சிய ஒழுங்கின் அருமையை உணர்த்தியது. பிட்கீப்பரை விரும்பாதோர்க்கென அதன் உள்ளடக்கம் சி.வி.எஸ். வடிவிலும் படியெடுத்து வைக்கப்பட்டிருந்தது. அப்படியினுள் எவரோ திருட்டுத்தனமாக நுழைந்து இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டனர். அவ்வரிகள் பார்வைக்குச் சாதாரணமானவை. கணனி மொழியில் இரண்டு சமக்குறிகள் சேர்ந்தால் 'இது பூச்சியமா?' என்ற வினா. ஒரு சமக்குறி மாத்திரம் இருந்தால் 'இதனைப் பூச்சியமாக்கு' என்ற கட்டளை. அங்கே ஒரு குறியே இருந்தது. பயனரின் எண் பூச்சியமாகுமாயின் கணனி முழுவதும் அவர் ஆணைக்கு அடங்கும். ஆகவே அந்த வரிகளை அறிந்தவன் எந்த லினக்ஸ் கணனியையும் கைப்பற்றியிருக்கலாம். ஆனால் மூலக் களஞ்சியத்தில் அம்மாற்றத்திற்கு உரிய பதிவு இல்லை. படியையும் மூலத்தையும் ஒப்புநோக்கியபோது பேதம் உடனே வெளிப்பட்டது. ஒரே படி மாத்திரம் இருந்திருந்தால், ஒப்புநோக்குவதற்கே இடமிருந்திராது.

2005 ஏப்பிரலில் பிட்கீப்பர் உறவு முறிந்தது. சம்பா என்னும் மென்பொருளை ஆக்கிப் புகழ்பெற்ற அவுஸ்திரேலியரான அன்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர்ச் சேவையகத்தோடு உரையாடும் வழியைத் தாமே ஆராய்ந்து, களஞ்சியத்தில் உள்ளவற்றைப் பெறும் சிறு நிரலொன்றை எழுதினார். அவர் பிட்கீப்பரைப் பயன்படுத்தியதில்லை. அதன் உரிமத்திற்கு உடன்பட்டவரும் அல்லர். சேவையகத்தோடு தொடர்புகொண்டு 'உதவி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை இட்டபோது, அதுவே தன் கட்டளைகளைப் பட்டியலிட்டுக் காட்டிற்று என்பதைப் பின்னர் கன்பரா மாநாட்டில் அவர் செய்தே காட்டினார். பிட்மூவர் கம்பனி இதனைத் தன் உழைப்பைப் பறிக்கும் செயலாகக் கருதி, விலையின்றி வழங்கி வந்த பதிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் ஆக்கிய மூலநிரல் அவர்களுடையதாகவே இருந்தது. ஆனால் அதனை ஒழுங்குபடுத்திய கருவி ஒரே அறிவிப்பில் கைவிட்டுப் போயிற்று. திறவுகோல் பிறர் கையில் இருப்பதன் பொருள் அன்று விளங்கியது.

அப்போது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வாழ்ந்த டோர்வால்ட்ஸ், கருவின் வேலையை நிறுத்திவிட்டுக் கருவி தேடினார். கிடைத்தவை அவர் வேண்டிய வேகத்தைத் தரவில்லை. ஒரு திருத்தத்தைச் சேர்க்க அரை நிமிடம் செல்லுமாயின், ஒரே தடவையில் வரும் இருநூற்றைம்பது திருத்தங்களைச் சேர்க்க இரண்டு மணித்தியாலம் கழியும். மூன்று வினாடிக்கு மேல் ஆகலாகாது என்பது அவர் கணக்கு. எனவே தாமே ஒன்றை எழுதத் துணிந்தார். ஏப்பிரல் 3ஆந் திகதி வேலை தொடங்கியது. 7ஆந் திகதி, கிட் எனப் பெயரிடப்பட்ட அக்கருவி தன்னுடைய மூலநிரலையே தன்னுள் சேமிக்கும் நிலையை எய்தியது. 16ஆந் திகதி லினக்ஸ் அதனுள் குடிபுகுந்தது. யூன் 17ஆந் திகதி வெளியான 2.6.12 பதிப்பு கிட்டின் துணைகொண்டே ஒழுங்குபடுத்தப்பட்டது. யூலை 26ஆந் திகதி டோர்வால்ட்ஸ் அக்கருவியின் பொறுப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துத் தம் பழைய தொழிலுக்கு மீண்டார்.

கிட்டின் உட்பொருளைச் சில வார்த்தைகளில் விளக்கலாம். களஞ்சியத்தில் இடப்படும் ஒவ்வொன்றிற்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணித்தெடுத்த நாற்பது எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. உள்ளடக்கத்தில் ஒரு புள்ளி மாறினும் அடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் அடையாளத்தையும் தன்னுள் கொண்டிருக்கும். ஆகவே, பத்தாண்டுகளுக்கு முன் இடப்பட்ட வரியொன்றை இன்று எவரேனும் மாற்றினால், அதன்பின் வந்த அடையாளங்கள் அனைத்தும் மாறியாக வேண்டும்; முழுக் களஞ்சியத்தையும் வீட்டில் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரின் படிகளோடு அது முரண்படும். 2003இல் கண்காணிப்பினால் வெளிப்பட்ட பேதம், இனிமேல் களஞ்சியத்தின் அமைப்பினாலேயே வெளிப்படும் என்றாயிற்று. அவ்வடையாளம் கணிக்கும் முறையும் பூரணமானதன்று. 2017இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளரும் கூகிள் நிறுவனத்தாரும் சேர்ந்து, ஒரே அடையாளம் பெறும் இருவேறு கோப்புகளை ஆக்கிக் காட்டினர். அத்தகைய கோப்புகளை இனங்காணும் சோதனை அவ்வாண்டிலேயே கிட்டினுள் சேர்க்கப்பட்டது.

குடிபுகுந்த அன்று ஓர் இழப்பும் நேர்ந்தது. ஏறத்தாழ 17,000 கோப்புகளும் 67 இலட்சம் வரிகளும் ஒரே பதிவாகக் கிட்டினுள் இடப்பட்டன. அதற்கு முந்திய மாற்றங்களின் வரலாறு கையில் இருந்தும், கருவி இன்னும் இளமைப் பருவத்தில் உள்ளமையால் அதனைச் சுமத்த வேண்டாம் என்று டோர்வால்ட்ஸ் தீர்மானித்தார். பழைய வரலாற்றைப் பின்னர் பிறர் தனிக் களஞ்சியங்களாகத் திரட்டினர். ஆயினும் இன்று ஒரு வரியின் வரலாற்றை ஆராய்வோர் 2005 ஏப்பிரல் 16 என்னும் சுவரில் அடிக்கடி முட்டிக்கொள்கின்றனர். அதற்கு அப்பாற் செல்ல விரும்புவோர் வேறு ஏடு புரட்ட வேண்டும். அவசரத்தில் வீடு மாறுவோர் பழைய பெட்டியொன்றை அயலில் விட்டுச் செல்வதை இஃது ஒக்கும்.

புதிய கருவியின் மேல் எழுந்த ஒழுங்கு இதுவாகும். லினக்ஸ் மூலநிரல் இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. எந்த அறைக்கு எவர் பொறுப்பு என்பதைக் கூறும் பட்டியலொன்று களஞ்சியத்தினுள்ளேயே உள்ளது. திருத்தம் முதலில் உரிய பொறுப்பாளரிடம் செல்லும். அவர் தம் களஞ்சியத்தில் ஏற்பார். அங்கிருந்து மேலுள்ளவரிடம் செல்லும். இறுதியில் டோர்வால்ட்ஸிடம் சேரும். கைமாறும் ஒவ்வொருவரும் தம் பெயரைக் கீழே இடுவர். ஒரு பதிப்பு வெளியானதும் இரண்டு கிழமைகள் புதிய வேலைகள் ஏற்கப்படும். பின்னர் வாயில் சாத்தப்பட்டுப் பிழை திருத்தம் மாத்திரமே நடைபெறும். ஒன்பது அல்லது பத்துக் கிழமைகளில் அடுத்த பதிப்பு வரும். பல அறைகளின் வேலைகள் தம்முள் முரண்படுமா என்பதை முன்கூட்டியே அறிவதற்கு, 2008இல் ஸ்டீபன் ரொத்வெல் என்பவர் அவை அனைத்தையும் நாள்தோறும் இணைத்துப் பார்க்கும் தனிக் களஞ்சியமொன்றைத் தொடங்கினார்.

இவ்வொழுங்கின் வலிமை 2011இல் சோதிக்கப்பட்டது. லினக்ஸ் மூலநிரலை உலகிற்கு வழங்கும் தலைமைச் சேவையகங்களில் அந்நியர் புகுந்திருந்தமை அவ்வாண்டு ஓகஸ்ட்டில் கண்டறியப்பட்டது. தளம் சில வாரங்கள் மூடிக் கிடந்தது. வேறொரு காலமாயின் எது மெய்யான படி என்று உலகமே திகைத்திருக்கும். அப்போதோ, மெய்யான படி எண்ணற்ற வீடுகளில் இருந்தது. அடையாளங்களை ஒப்புநோக்கினாற் போதும். எனினும் பாடம் ஒன்று கற்கப்பட்டது. பொருளின் அடையாளம் உறுதியாக இருந்தும், அதனை அனுப்புபவரின் அடையாளம் உறுதியாக இருக்கவில்லை. ஆகவே நிரலாளர்கள் மாநாடுகளில் நேருக்கு நேர் சந்தித்து, ஒருவரது மறைகுறித் திறவுகோலுக்கு மற்றொருவர் சான்று வழங்கும் முறை வலுப்படுத்தப்பட்டது. இயந்திரங்களின் வழியே வளர்ந்த முயற்சி, நம்பிக்கைக்கு அடித்தளம் தேடியபோது, மனிதர் முகம் பார்த்துக் கை கொடுக்கும் பழைய வழக்கத்தையே நாட வேண்டியதாயிற்று.

2016 மே மாதத்தில் பிட்கீப்பரும் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. அதற்குள் உலகின் பெரும்பாலான நிரலாளர்கள் கிட்டைக் கைக்கொண்டுவிட்டனர். பதினொரு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு நடந்திருந்தால் கிட் பிறந்திருக்குமோ என்பது ஐயமே.

கூட்டாகச் செய்யும் தொழிலில் பொருளைப் பொதுவாக்கினால் மாத்திரம் போதாது. அதனைப் பேணும் முறையையும் பொதுவாக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. களஞ்சியம் எல்லோருக்கும் உரியதாயிருந்தும் திறவுகோல் ஒருவரிடம் இருந்தமையால் விளைந்த தொல்லையை லினக்ஸ் நிரலாளர் இருமுறை கண்டனர். முன்னர் அவ்வொருவர் தம் தலைவராகவே இருந்தார். பின்னர் ஒரு கம்பனியாக இருந்தது. இரு தடவையும் அவர் கெட்டவர் என்பதனால் இடர் நேரவில்லை. அவர் ஒருவரே என்பதனால் நேர்ந்தது.